ஒற்றர் பேசிய தமிழ்

கட்டிலில் விழுந்ததிலிருந்து வாய் திறக்காமல் கிடந்த மனுஷர், முதன்முதலாக வாய் திறந்து சொன்ன வாக்கியம் இதுதான்: "எனக்கு அருந்துவதற்குச் சிறிது நீர் வேண்டும்."

பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்கும் பிறகு வந்தது பயம். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மட்டும் ஒரு கலக்கமும் இல்லாமல் கேட்டாள்: "சார் நாடகத்துல நடிப்பாரா?"

"பேப்பர்ல வேலை பாத்தாரு" என்றாள் மனைவி, அதுவே எல்லாவற்றுக்கும் விளக்கம் என்பதைப் போல.

ஓரளவுக்கு விளக்கம்தான். ஒரு நாளிதழில், பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை திருத்துவது அவர் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஒரு 'க்' வர வேண்டுமா, கூடாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அந்தப் புள்ளி வைத்த எழுத்துக்கு ஒற்று என்று பெயர். ஆகவே அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேவு பார்க்கிறவரும் ஒற்றர்தான் என்பதால் பெயர் இரட்டிப்பாகப் பொருந்திப்போனது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெயரில் பிழையில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டில் அவர் நம் எல்லோரையும் போலத்தான் பேசினார். "ஏம்மா, என் கண்ணாடிய எங்க வச்சே?" "இதோ போய்ட்டு வந்துர்றேன்." "அட, சும்மா இரேன்." எழுத்துத் தமிழைச் செருப்போடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். இப்போது மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்து, வலது கை துவண்டு, வாய் ஒரு பக்கம் கோணி, வீட்டுத் தமிழ் முழுசாகப் போய்விட்டது. செருப்பு மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மனைவிக்கும் திருத்துகிற தொழில்தான். புதுத்துணி தைப்பவள் அல்ல. தைத்த துணியைச் சரி செய்பவள். கால்சட்டை நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், ஜிப் மாற்றுவாள். முன்னறையில் ஜன்னலோரமாக மெஷின். "ஒரே வீட்டுல ரெண்டு திருத்துற ஆளு" என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். அவள் அதற்கு மேலே போய்ப் புருஷனையே கிண்டல் செய்வாள். "எங்கிட்ட வர்றவங்க உடம்பு மாறிப்போச்சு, துணிய மாத்திக் குடுன்னு வர்றாங்க. நீங்க துணி சரியாத்தான் இருக்கு, உடம்ப வெட்டிக்கிட்டு வான்னு அனுப்புறீங்க." ஒற்றர் சிரிப்பாரே தவிர ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

விட்டுக்கொடுக்காததால் மகளோடுதான் பெரிய சண்டை. மகள் ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிறாள். அவள் எழுதிய சோப்பு விளம்பரம் ஒன்று, முழுக்கப் பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஒற்றர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதைத் திருத்தத் தொடங்கிவிட்டார். யாரோ போட்டோ எடுத்து, அது ஊர் சுற்றி, மகளின் மேலாளர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

"இலக்கணம்லாம் மாறிக்கிட்டேதாம்ப்பா இருக்கு" என்று அன்றைக்கு மகள் கத்தினாள்.

"மாறட்டும். வாசல் வழியா வரட்டும். ஜன்னல் ஏறிக் குதிக்க வேணாம்."

"நீங்க மட்டும் மாத்தலியா? திருடினவன 'அவன்'னு எழுதிக்கிட்டிருந்த பேப்பர்ல, யாரா இருந்தாலும் 'அவர்'தான்னு ஒத்தக் கால்ல நின்னு மாத்தினது யாரு?"

"அது மரியாதை."

"ஜனங்க பேசுற மாதிரி எழுதுறதும் அந்த ஜனங்களுக்குக் குடுக்குற மரியாதைதான்."

ஒற்றர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் சொன்னது சரி என்று மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு விளங்கவில்லை. இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. அப்படிப் படும்போது துணியைப் பார்த்துக் குனிந்துகொள்வது அவள் வழக்கம்.

அந்த ஒற்றர்தான் இப்போது வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கவும்" என்றார். பஸ்ஸில் எழுதிப் போட்ட அறிவிப்பு வாய் திறந்து பேசுவதைப் போல இருந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டால், "உடல்நிலை சீராக உள்ளது" என்பார். எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்துவிட்டு, படியிறங்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு போனார். அவள் அதைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவரைச் சொல்லி என்ன, அவளுக்கே நேற்று சிரிப்பு வந்தது.

சிரிக்க முடியாத இடம் ஒன்றும் இருந்தது. ஒரு நாள் மகள் வந்து, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள்.

"அவர் சமையலறையில் இருக்கிறார்" என்றார் ஒற்றர்.

அடுப்பின் முன்னால் நின்றவள் தீயைக் குறைத்தாள். யாரோ ஒரு அம்மாளைப் பற்றிய செய்தியை யாரோ ஒருவர் படித்ததைப் போல இருந்தது. இந்த ஆளுக்குத் தன்னைத் தெரிகிறதா, இல்லை தன் பெயரைப் போட வேண்டிய இடத்தில் மரியாதையாக ஒரு சொல்லைப் போட்டு நிரப்புகிறாரா? யாரிடம் கேட்பது இதை?

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டாள். சின்ன அறை, சுவரெல்லாம் படங்கள், மேசை மேல் ஒரு கட்டுப் பட அட்டைகள். குடை, சாவி, தண்ணீர்க் குழாய், தூங்குகிற குழந்தை. அந்தப் பெண் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஒற்றர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, மனைவியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வீட்ல என்ன மொழி பேசுவீங்கம்மா?"

"தமிழ்தான்."

"இந்தத் தமிழா?"

"சேச்சே. இது பேப்பர் தமிழ்."

"அதான் கேட்டேன். அவருக்கு ரெண்டும் ரெண்டு வேற மொழி மாதிரி தனித்தனி இடத்துல இருந்திருக்கு. ஒண்ணு அடிபட்டுப்போச்சு. ஒண்ணு தப்பிச்சிடுச்சு. தப்பிச்சத வச்சே ஓட்டலாம், அதுல இன்னும் நல்லாவே பேச வைக்கலாம். இல்ல, போனதத் தேடிக் கொண்டு வரலாம். ரெண்டையும் ஒரே நேரத்துல பிடிச்சா ரெண்டும் கலங்கிடும்னு நெனைக்கிறேன். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்" என்றாள் அவள் படக்கென்று.

"சரி. அப்ப வீட்டுத் தமிழ். ஆனா ஒரு கண்டிஷன்மா. அவரு பேப்பர் தமிழ்ல பேசினா யாரும் பதில் சொல்லக் கூடாது. புரியலன்னு சொல்லிடுங்க. கல் நெஞ்சா இருக்கணும். புரியல, புரியலன்னு சொன்னாத்தான் மூளை வேற வழி தேடும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எகிறியது யார் தெரியுமா? மகள். "என்னம்மா இது அநியாயம்? அவருக்கு மிச்சம் இருக்குறதே அந்தத் தமிழ் ஒண்ணுதான். அந்த இலக்கண விதியெல்லாம் இருக்கப் போயிதான் இன்னிக்கு ஒரு வாக்கியம் முழுசா சொல்றாரு. அதையும் புரியலன்னு சொல்லி மூடணுமா?"

"நீயா பேசுறே? பஸ் ஸ்டாப்புல..."

"அது வேறம்மா."

"என்ன வேற?"

மகள் யோசித்தாள். "தெரியல" என்றாள். "வேற, அவ்வளவுதான்."

ஆக, விதி வேண்டாம் என்றவள் விதிக்குக் கொடி பிடிக்கிறாள். எது சரி என்று சொல்லத் தெரியாமல் துணியைப் பார்த்துக் குனிந்தவள் போலீஸ்காரி மாதிரி வீட்டுத் தமிழுக்குக் காவல் நிற்கிறாள். நடுவில் ஒற்றர், ஒவ்வொரு ஒற்றையும் ஒழுங்காக உச்சரித்துக்கொண்டு, யாருக்கும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு மண்டை காய்ந்துபோனது. மகள் எதிரில் நிறைய வீம்பு காட்டினாள்; மகள் போனதும், தான் செய்வது சரிதானா என்று மெஷின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருந்தாலும் எடுத்த காரியத்தை விடுகிற ஜாதி இல்லை அவள். "பசிக்கிறது" என்றால் "புரியல" என்பாள். அவர் வாயைத் திறந்து, மூடி, நெற்றி சுருக்கி, "உணவு வேண்டும்" என்பார். "புரியலீங்க" என்பாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. கடைசியில் அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறுவாள்.

ஒரு மத்தியானம். அவள் யாரோ ஒருவருடைய கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒற்றர் சாய்வு நாற்காலியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சொன்னார்: "நான் உனக்குத் தவறு இழைத்துவிட்டேன். அதற்காக வருந்துகிறேன்."

அவள் கை நின்றது.

நாளிதழில் முதல் நாள் வந்த பிழைகளைச் சொல்லி மறுநாள் ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போடுவார்கள். அதை எழுதுவதும் ஒற்றர்தான். இன்னார் படத்துக்குப் பதில் இன்னார் படம் வந்துவிட்டது, தவறுக்கு வருந்துகிறோம். வாழ்நாளெல்லாம் அவர் எழுதியது அது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற மாதிரி அது தானாக வருகிறதா? இல்லை, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷர், இவளைப் பார்த்து, இவளுக்காகச் சொல்கிறாரா? 'வருந்துகிறோம்' இல்லை, 'வருந்துகிறேன்' என்றார். அது கணக்கில் வருமா, வராதா?

விதிப்படி அவள் ஒன்றுதான் சொல்லலாம். சொன்னாள்.

"புரியல."

அவர் நெற்றி சுருங்கியது. தேடினார். வீட்டுத் தமிழ் இருந்த பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தெரிந்த வழியிலேயே வந்தார்.

"நீ மருத்துவமனையில் இருந்தாய்."

"புரியல."

"நமது இரண்டாவது குழந்தை..." நின்றார். "உயிருடன் பிறக்கவில்லை. இறந்துவிட்டது. எனக்குத் தகவல் வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன்."

அவள் துணியைக் கீழே வைத்தாள். ஆனாலும் சொன்னாள், "புரியலீங்க" என்று. இந்தத் தடவை பயிற்சிக்காகச் சொல்லவில்லை. புரியவில்லை என்றால் இன்னொரு வாக்கியம் வரும் என்று தெரிந்து, அந்த ஆசையில் சொன்னாள். நோயாளியை இப்படிப் படுத்துகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை விட ஆசை பெரிதாக இருந்தது.

"பக்கத்தை முடித்துவிட்டு வந்தேன். உடனே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. அந்த அறைக்கு வர எனக்கு அச்சமாக இருந்தது. அதனால் மீண்டும் ஒருமுறை பக்கத்தைப் படித்தேன். அதில் பிழை ஏதும் இல்லை."

அவ்வளவுதான். களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வந்து நின்ற மனுஷர் வீட்டுத் தமிழில் கேட்டது ஒன்றே ஒன்று: "டாக்டர் என்ன சொன்னாரு?" அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவளும் எடுத்ததில்லை. எடுத்தால் என்ன சொல்வது? 'எனக்குப் பயமா இருந்துச்சு' என்று ஒரு ஆம்பிளை அடுக்களை வாசலில் நின்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 'அச்சமாக இருந்தது' என்று சொல்ல முடிகிறது. அது ஏன் அப்படி? அந்தத் தமிழில் சொன்னால் அது வேறு யாருக்கோ நடந்ததைப் போல ஆகிவிடுவதாலா? அப்படியானால் அது நிஜமா, பொய்யா? அன்று முழுக்க அவள் பிரித்த இடுப்பை மறுபடியும் பழைய அளவிலேயே தைத்து, மறுபடியும் பிரித்தாள்.

அடுத்த வாரம் பயிற்சி அறையில் இதை ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. பழைய விஷயம் ஒன்று என்று மட்டும் சொன்னாள்.

"பழக்கத்துல தானா வர்ற வாக்கியங்க உண்டும்மா" என்றாள் அந்தப் பெண். "வருந்துகிறேன்ங்கிறது அப்படிக்கூட இருக்கலாம்."

"மீதி?"

"மீதி எனக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தான தெரியும்." பிறகு முகம் மலர, "ஆனா இன்னிக்கு ஒரு நல்ல சேதி. குழாய் படத்தக் காட்டினேன். 'தண்ணி'ன்னாரு. நீர் இல்ல, தண்ணி! சாவியக் காட்டினா, 'எங்க வச்சே'ன்னு கேக்குறாரு. கதவு தெறந்துக்கிச்சும்மா. இனிமே கடகடன்னு வந்துடும். பேப்பர் தமிழ் தானா ஒதுங்கிடும்."

அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஏம்மா? சந்தோஷமில்லையா?"

"சந்தோஷந்தான்... கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"எத?"

"ரெண்டுல ஏதாச்சும் ஒண்ண."

அந்தப் பெண் அவளையும் ஒற்றரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேண்டுகோள் வந்ததில்லை போலும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே படபடப்பு. கேட்டது வந்துகொண்டிருக்கிறது, கேட்காமல் கிடைத்தது போய்க்கொண்டிருக்கிறது. துணிக்கேற்ற உடலும் வேண்டும், உடலுக்கேற்ற துணியும் வேண்டும் என்றால் அவளிடம் வருகிறவர்களை அவளே திட்டி அனுப்பியிருப்பாள். ஆனால் அவள் பங்குக்கு ஒன்று பாக்கி இருந்தது. அவர் சொல்லிவிட்டார். அவள் இன்னும் சொல்லவில்லை. அவர் அந்தத் தமிழை விட்டு வீட்டுத் தமிழுக்குள் வந்துவிட்டால், பழையபடி "அட, சும்மா இரேன்" என்று ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிடுவார். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். மெஷின் முன்னால் போய் உட்காராமல், எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கு நேரத்துக்கு வரல" என்று ஆரம்பித்தாள். சொன்னதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூல்கண்டு வாங்கி வரச் சொன்னேனே, மறந்துட்டீங்களே என்று சொல்கிற அதே குரல். ஒற்றரும் அதற்குப் பழகின அதே மாதிரி, சரி சரி என்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் மேடை ஏறிய சிறுமியைப் போல முதுகு நிமிர்ந்துகொண்டது. பயிற்சிப் பெண் விதித்த கண்டிஷன் காற்றில் போகட்டும்.

"நான் அன்று உங்களுக்காகக் காத்திருந்தேன்" என்றாள்.

தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தாள். வரவில்லை. ஒற்றரின் தலை ஆடுவது நின்றது.

"கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கள் என்று நினைத்தேன். குழந்தையை எடுத்துச் செல்வதற்கு முன்பு, நீங்கள் பார்க்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னேன். அவர்கள் வைத்திருந்தார்கள். பிறகு எடுத்துச் சென்றார்கள்." இது எந்தப் பாடப் புத்தகத்தில் படித்த தமிழ், எப்படி இவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். வாக்கியம் வாக்கியமாக அதுவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிற்று. "உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்றும் இருக்கிறது. நான் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை."

ஒற்றர் நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

அவளுக்கு முதலில் தோன்றியது, வெட்கக்கேடு, இது எந்தத் தமிழ் என்பதுதான். அந்தச் சொல் வீட்டிலும் அப்படித்தான், பேப்பரிலும் அப்படித்தான். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னால் அவளாலும் இது போனதா வந்ததா என்று சொல்ல முடியாது. அப்புறம்தான் அர்த்தம் மெதுவாக வந்து இறங்கியது. தெரியும். தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும், ஒவ்வொரு நாளும், கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது.

கையை உதறிக்கொண்டு எழுந்து கத்த வேண்டும் போலவும் இருந்தது, அந்த மடியில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மகள் அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள். அப்பா இன்று என்ன பேசினார் என்று கேட்பாள். அவள் மணியை அடிக்க விட்டாள். அவர் பிடி தளரவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.